மூன்று வேர்ப் பல்

நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. அந்தச் சின்ன வாய்க்குள் வேலை செய்யும் கால்நடைப் பல் மருத்துவரின் கைநேர்த்தி எனக்குப் பெரிய அதிசயம்.

சில நேரம் நாயின் கண்ணுக்குக் கீழே வீங்கிச் சீழ் வடியும். கண்நோய் என்றே நாம் நினைப்போம். அவரோ உதட்டைத் தூக்கி, மேல்தாடையின் பெரிய பல்லைப் பார்ப்பார். கெட்டி எலும்பைக் கடித்து அது பிளந்திருக்கும். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். அப்படியே பிடுங்கினால் வேர் ஒடிந்து உள்ளே தங்கிவிடும். அதனால் மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே பார்த்து, பல்லை மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனித்தனியே நெம்பித் தளர்த்தி எடுப்பார். பிறகு ஈறை இழுத்து மூடி, தானே கரையும் நூலால் தையல். அவசரம் என்பதே அந்தக் கைக்குத் தெரியாது.

பூனையிடம் இன்னும் கவனம் வேண்டும். அதன் பல் தானாகவே அரித்துக் கரைவதுண்டு. வெளியே ஈறோரம் சிவப்பாகத் தெரிந்தால் உண்டு. வலியோடே சாப்பிட்டுக்கொண்டும் இருக்கும், பாவம்.

வாய் நாறினால், 'நாய் என்றால் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். இன்று ராத்திரியே உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.