வெண்கோபுரமும் வெளிறிய படமும்

திருவிழா மலர்களிலும் நாட்காட்டிகளிலும் சாந்தோம் பேராலயத்தின் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பெரும்பாலானவற்றில் கோபுரம் தெரிகிறது. அதன் வேலைப்பாடு தெரிவதில்லை. 1896இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த வெண்ணிற ஆலயத்தின் கூர்கோபுரம் ஏறத்தாழ 155 அடி உயரம். மயிலாப்பூரின் நண்பகல் வெயிலில் அதன் விளிம்புகளும் சிறு கூர்முனைகளும் ஒரே வெண்மையில் கரைந்துவிடுகின்றன. கூர்வளைவுகளின் உட்புறமோ கரியாகக் கிடக்கிறது.

இப்படத்தைக் கணிப்பொறியில் திருத்த முனைவோர் பலர் வெண்மையை மங்கச் செய்தால் போதும் என எண்ணுகின்றனர். சாதாரண டிஜிட்டல் படத்தில் ஒளியின் அளவு 0 முதல் 255 வரை. 255ஐத் தொட்டுவிட்ட இடத்தில் மீட்க எதுவுமில்லை. மங்கச் செய்தால் சாம்பல் பூச்சே கிடைக்கும். நிழலிலோ ஏதேனும் மிஞ்சியிருக்கும். ஆகவே சற்று இருட்டாகவே படம் பிடித்து, நிழலைப் பின்னர் உயர்த்துவது நல்லது. பிலிமின் இயல்பு வேறு. நெகட்டிவின் அடர்ந்த பகுதியில் விவரம் ஒளிந்திருக்கும். இருட்டறையில் அவ்விடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி கொடுத்து அதை வரவழைத்தனர். ஆலயத்தின் உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்கும் இருண்ட நடுக்கூடத்துக்கும் ஒரே படம் போதாது. இரண்டு எடுத்து இணைக்கலாம்.

இதுவரை நமக்கு மறுப்பில்லை. இருந்ததைத்தான் மீட்கிறோம். இல்லாததைச் சேர்ப்பது?

அதுவும் பழைய பழக்கமே. சென்னை அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரை, தஞ்சைக் கோவில்களைப் படமெடுத்தார். அன்றைய காகித நெகட்டிவ் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்ததால் வானம் வெறுமையாக விழுந்தது. அவர் நெகட்டிவின் மேல் நிறமி பூசி மேகங்களை வரைந்தார். கருத்த மரங்களுக்கு இலைத்திரள் தந்தார். அவை அழகிய படங்கள்தாம். எனினும், அன்று அவ்வானில் அம்மேகம் மிதந்ததா என்னும் கேள்வி நம்மை விடுவதில்லை. அதே ட்ரைப், பெருவுடையார் கோவில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே படமாக்கினார். அங்கே கல்லும் எழுத்துமே பேசுகின்றன. மேகங்களை விட அதுவே நமக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

சட்டக அமைப்பிலும் இத்தகைய சோதனை உண்டு. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்புறம் சாய்ந்ததுபோல் விழும். அதை நிமிர்த்தலாம், நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் முன்னரே இடம் விட்டு எடுக்கவேண்டும். அளவுக்கு மீறி நிமிர்த்தினால் கோபுரம் இழுத்து நீட்டியதுபோல் ஆகிவிடும். கோவில் வீதிகளில் மின்கம்பிகள் குறுக்கிடுவதுண்டு. அழிப்பதற்கு முன் பத்தடி தள்ளி நின்று பார்க்கலாமே! (நம் இளைஞர்களுக்குக் காலை விட விரல் விரைவு.)

இவ்வளவும் சொல்லும் நாமே ஒருமுறை தவறினோம். பங்கின் மலருக்கு ஓர் அட்டைப்படம் வந்தது. வானத்தில் எந்த ஊரினதோ கருநீல மேகங்கள்; ஆலய வாயில் துடைத்தாற்போல் வெறுமை. ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று ஒப்புதல் தந்துவிட்டோம். மலர் வெளியான ஞாயிறன்று, வாயிலில் பல ஆண்டுகளாக மெழுகுவர்த்தி விற்கும் அம்மாள் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “நான் உக்கார்ற இடம் இதுதானே, சாமி? நான் எங்கே?” என்றார். அழகுக்கு இடைஞ்சல் என்று அவரையும் அவரது குடையையும் அழித்திருந்தனர். நம்மிடம் பதில் இல்லை.

மறு ஆண்டு காலை ஏழு மணிக்கே படமெடுக்கச் சொன்னோம். வானம் சற்று வெளிறித்தான் இருந்தது. கோபுரத்தின் கூர்முனைகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. வாயிலோரம், இடப்பக்கம், அந்தக் கருப்புக் குடை.