பழமையின் சத்தம்: புல்லட்டை முன்வைத்து

கோட்டாறில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் இரண்டு கறுப்பு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட். மற்றது 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350. முகப்பு விளக்குக்கு மேலே இருபுறமும் கண்களைப் போன்ற சிறு விளக்குகள், டேங்க்கின் உருண்டை, நீண்ட சைலன்சர் என எல்லாம் இரண்டிலும் உண்டு. சொல்லப்போனால் புதியதுதான் கூடுதல் பழையதாகத் தெரிந்தது. ஆசானிடம் கேட்டேன். "அது பழசு. இது பழசு மாதிரி. அம்புட்டுத்தான், பாத்துக்கிடுங்க" என்றார்.

இந்த 'மாதிரி'யைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தெளிவான கதையாடல் இருக்கிறது. நடுத்தர உடலுக்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்த 'மஸில் கார்'கள் அறுபதுகளில் பெருகின. காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் அவற்றை ஓயவைத்தன. பிறகு சுமார் முப்பது வருட இடைவெளி. 2005 மாடல் மஸ்டாங் தன் அறுபதுகளின் முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தது. 2008-இல் சேலஞ்சர் 1970-இன் சேலஞ்சராகவும், 2010 மாடல் கமாரோ 1969-இன் கமாரோவாகவும் வேஷம் கட்டின. சிறுவயதில் ஏக்கத்தோடு பார்த்ததைக் கையில் காசு வந்த பிறகு வாங்கினார்கள். இப்போது இன்னும் ஒரு படி. 2024-இல் வந்த மின்சார சார்ஜர் டேட்டோனாவில் எரிவதற்கு எதுவுமில்லை. ஆனாலும் பழைய எஞ்சினின் உறுமலை உண்டாக்க ஒரு தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். பூத்ரியார் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஃபிரெடரிக் ஜேம்சன் பின்நவீனத்துவம் பற்றிய 1984-ஆம் வருடக் கட்டுரையில் நினைவேக்கப் படங்களைக் குறித்துச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது: வரலாறு வற்றி வழுவழுப்பான பிம்பமாக எஞ்சுகிறது. இவ்வகைக்கு முதலாவதாக அவர் சுட்டிய 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973), இளைஞர்கள் இரவெல்லாம் காரில் ஊர் சுற்றுகிற படம் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இதை அப்படியே தூக்கிவந்து புல்லட்டின் மேல் ஒட்டுவது சுலபம். நானும் கொஞ்சநாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒட்டவில்லை.

முதல் சிக்கல் இடைவெளி. ராணுவத் தேவைக்காகப் புல்லட்டுகளை இறக்குமதி செய்த மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்துக் கம்பெனியுடன் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் ஐம்பதுகளின் அதே வண்டி, வலதுகால் கியரோடு, நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது. 1994-இல் ஐஷர் கைக்கு மாறிய பிறகும் வந்தது. அதை யாரும் 'ரெட்ரோ' என்று சொல்லவில்லை. அது வெறும் பழைய வண்டி. எண்ணெய் ஒழுகும், உதைத்தால் திருப்பி உதைக்கும். டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்து, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து உதைக்கத் தெரியாதவன் கணுக்காலோடு போனான். புகை விதிகளால் 2010-ஐ ஒட்டி அந்த எஞ்சின் கைவிடப்பட்டது. அதே சமயத்தில்தான், 2009-இல், போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் மாடல்களின் சாயலில் கிளாசிக் இங்கே விற்பனைக்கு வந்தது. பழையது நின்ற இடத்திலேயே பழைய மாதிரி தொடங்கிவிட்டது. ஏங்குவதற்கு நேரமே கொடுக்கவில்லை. 2021-இல் உதைக்கும் கட்டையும் போயிற்று. அதிர்வைக் குறைக்க எஞ்சினுக்குள் ஒரு தண்டு வைத்தார்கள். சத்தத்தை மட்டும் கவனமாகக் காப்பாற்றினார்கள்.

அப்படியானால் எதற்கான ஏக்கம் இது? வாங்குகிற பையன்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் புல்லட் இருந்ததேயில்லை.

நான் பள்ளிக்கூடம் போன தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்குள் புல்லட் வந்தால் ஒன்று போலீசு, இல்லையென்றால் மலைப்பக்கம் ரப்பர் தோட்டம் உள்ளவர். சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். படியில் கால்நீட்டி இருந்தவர்கள் காலை மடக்குவார்கள். "லே, வழியில நிக்காத, மாறு" என்று அம்மை உள்ளேயிருந்தே சத்தம்போடுவாள். யார் வருகிறார் என்று எட்டிப்பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. பீரங்கியைச் சின்னமாகவும், துப்பாக்கியைப்போல் செய்தது என்பதைப் பெருமையாகவும் வைத்துக்கொண்ட கம்பெனி அது. கிளாசிக்கில் ராணுவப் பச்சை நிறம் வந்தது. 2018-இல் 'சிக்னல்ஸ்' என்று படைப்பிரிவின் பெயரிலேயே ஒன்று வந்தது. விற்கப்படுவது காலம் அல்ல, அந்த விலகி நிற்றல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காக்கியும் நிலமும் வைத்திருந்த சத்தத்தை மாதத் தவணையில் யாரும் வாங்கலாம் என்பதில் ஒரு ஜனநாயகம்கூட இருக்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் யாரும் வாங்கலாமா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள். இங்கே ஜேம்சன் எனக்கு உதவவில்லை. அவருடைய நினைவேக்கம் முடிந்துபோன காலத்தைப் பற்றியது. உள்ளே ஒன்றுமில்லாததால்தான் அந்தப் பிம்பம் வழுவழுப்பாக இருக்கிறது. 1970-இன் சேலஞ்சர் போன தெருவுக்கு 2008-இன் சேலஞ்சரால் திரும்ப முடியாது. கிளாசிக் போகிற தெருவோ அதே தெரு. அந்தச் சத்தம் யாருக்கு உரியது என்று நினைப்பவர்கள் இன்னும் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். குறிப்பான் குறிப்பீட்டிலிருந்து கழன்றுவிட்டது என்று நம் பத்திரிகைகளில் எத்தனையோ முறை எழுதிவிட்டோம் (நானும்தான்). வெட்டியவர்களுக்கு அது கழன்றிருக்கவில்லை.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. எண்பதுகளில் வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசான எக்ஸ்எல் இன்றும் தோவாளைப் பூச்சந்தைக்கு மூட்டையோடு போகிறது, குளச்சலிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவருகிறது. புல்லட் பார்த்து வளர்ந்தவர்களைவிட அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம். அதன் சத்தத்தை யாரும் பாதுகாக்கவில்லை. ஆசானிடம் இதையும் கேட்டேன். ஐஸ் தண்ணீரில் துருப்பிடித்த ஒரு எக்ஸ்எல்லின் செயினை மாட்டிக்கொண்டிருந்தவர், "அத எதுக்கு? நாளைக்குக் காலம்பற இது கடப்பொறத்துக்குப் போணும்" என்றார்.