சட்டக் கல்வியின் வாயில்: ஒரு நோக்கு

சட்டம் பயில விழைவோரிடம் தெரிவுக் குழுக்கள் எதனை நாடுகின்றன? அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் பரீட்சைப் புள்ளிகளோடு விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரையையும் ஆசிரியர் நற்சான்றுகளையும் ஆராய்கின்றன. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலோ விண்ணப்பதாரரின் கட்டுரையை வாசிக்கும் குழுவே இல்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே தெரிவை முடிவு செய்கின்றன.

இம்முறையைக் குறைகூறுவோர் அதன் சிறப்பையும் உணர்தல் வேண்டும். எண் செல்வாக்கை அறியாது. கட்டுரை கேட்குமிடத்து, அதனைத் திருத்தித்தர ஆளுள்ளவரே முந்துவர்.

ஆயினும், 1974இல் புகுத்தப்பட்ட மாவட்ட ஒதுக்கீடு வசதிக் குறைவை ஈடுசெய்வதற்கே என்பர். அந்நோக்கத்தைக் கொண்டே அதனை அளப்போம். புளியங்கூடலில் வாழ்ந்து தீவகப் பாடசாலையொன்றிற் பயின்றவருக்கும், யாழ் நகரின் பெரிய கல்லூரியிற் பயின்றவருக்கும் மாவட்டம் ஒன்றே; வெட்டுப்புள்ளியும் ஒன்றே. பண்ணைத் தாம்போதிக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள வேற்றுமை கணக்கில் இடம்பெறுவதில்லை.

ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தன்மை நோக்கித் தீர்ப்பது சட்டத்தின் பண்பு. அச்சட்டத்தைக் கற்கப் புகும் வாயிலில் அப்பண்பு இல்லாதிருத்தல் முரணன்றோ? எண்ணை அகற்ற வேண்டுவதில்லை. மாவட்டத்துக்குப் பதிலாகக் கல்வி வலயத்தை அலகாகக் கொண்டாலே பெரும்பயன் விளையும். தீவகத்துக்கெனக் கல்வி வலயம் ஒன்று ஏற்கெனவே உண்டு என்பது இங்கு கருதத்தக்கது.