பேசாத காதலும் அடுத்தவர் அறையும்

உயர்தரத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். சினிமா பேசப் பழகிவிட்ட பிறகும், நம் ‘காளிதாஸ்’ வெளியான அதே 1931இல், சாப்ளின் பிடிவாதமாக வசனமின்றி எடுத்த காதல் நகைச்சுவை அது. அக்கரப்பத்தனைப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியே வரவில்லை.

கண் தெரியாத பூக்காரி, கார்க் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டு நாடோடியைப் பணக்காரன் என்று நம்பிவிடுகிறாள். அந்தச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. ஆனாலும் அவள் எப்படி ஏமாந்தாள் என்பது கடைசி வாங்குப் பிள்ளைக்கும் விளங்குகிறது. நாடோடி அவளைத் திருத்தவில்லை. பொய் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த வாரம், 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் வசனமே இல்லாமல் எடுத்த ‘பேசும் படம்’. குடிகாரப் பணக்காரர் இரண்டிலும் வருகிறார். சாப்ளினிடம் அவர் போதையில் நண்பர், தெளிந்தால் அந்நியர். இங்கே வேலையில்லாப் பட்டதாரியான கமல்ஹாசன் அவரைக் கட்டிப்போட்டுவிட்டு, அவருடைய ஹோட்டல் அறையில் குடியேறுகிறார். அந்த அமைதியில் தூக்கம் வராமல், பழைய அறைக்குப் பக்கத்துத் தியேட்டர் இரைச்சலை டேப்பில் பதிந்துவந்து போட்டுக்கொண்டு தூங்குகிறார். வறுமை காதிலும் குடியிருக்கும் என்பதை எந்த வசனமும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிராது.

முடிவில் கமல் அமலாவிடம் உண்மையைத் தெரிவிக்கிறார். அமலா ரோஜாவோடு எறிந்த காகிதம் காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறது.

“அநியாயம் சேர். அவன் கடைசில உண்மைய சொல்லிட்டான் தானே?” என்றாள் ஒரு மாணவி.

எனக்கு அது அநியாயமாகப் படவில்லை. அடுத்தவர் ஹக்கைத் திருப்பிக் கொடுப்பது கடமை. அதற்குப் பரிசு கேட்க முடியாது. நாடோடியும் சிறைக்குப் போய்த்தான் வருகிறான்.

என் குறை வேறு. பார்வை பெற்ற பூக்காரி, கையைத் தொட்டு அவனை அடையாளம் காண்கிறாள். இனி ஏற்பதா விடுவதா என்பது அவள் கையில். சிங்கீதமோ அந்த உரிமையைக் காற்றிடம் கொடுத்துவிட்டார். அமலாவின் மனசு சாக்கடையோடு போய்விட்டது. ஏமாற்றப்பட்டவள் அவள், பதிலும் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும்.

பெருநாளைக்கும் தீபாவளிக்கும் கொழும்பிலிருந்து கடன் உடுப்போடு வந்திறங்கும் பொடியன்மார் எங்கள் ஊரில் உண்டு. கமல் அடுத்தவர் அறையில் முதலாளியாக உலாவும்போது வகுப்பே சிரித்தது. இரண்டு பையன்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்குத்தான் படம் சரியாக விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.