பாம்பும் மெழுகுவர்த்தியும்

விஞ்ஞானத்தைக் கதையாகச் சொல்லலாமா என்று இனி யோசித்துப் பிரயோஜனமில்லை. சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2005-ல் இங்கிலாந்தின் செல்ட்டனம் விஞ்ஞான விழாவில் ‘ஃபேம்லேப்’ என்றொரு போட்டி ஆரம்பித்தது. மூன்று நிமிஷப் பேச்சு. திரையில் படம் காட்டக்கூடாது. கையில் எடுத்துவர முடிந்த பொருளை மேடைக்குக் கொண்டுவரலாம். உள்ளடக்கம், தெளிவு, வசீகரம் என்ற மூன்றையும் பார்த்து மதிப்பிட்டார்கள். பிறகு இது பல தேசங்களுக்கும் போயிற்று. அந்த மூன்றாவது வார்த்தைதான் உறுத்துகிறது. கவியரங்க மேடையில் கவிதைக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தவர்கள் நாம்.

இவ்வகைப் பேச்சுக்கு மூதாதை என்றால் ஃபாரடேயின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கென்னவோ ஜெர்மன் ரசாயன அறிஞர் கெக்குலேதான் மூதாதை என்று படுகிறது. பென்சீன் மூலக்கூறு ஒரு வளையம் என்று 1865-ல் எழுதியவர். அதன் 25-ஆம் ஆண்டு விழா 1890-ல் பெர்லினில் நடந்தபோது சபைக்கு ஒரு கதை சொன்னார். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஓர் இரவு, பாடப்புத்தகம் எழுதும் வேலை ஓடாமல், நாற்காலியைக் கணப்பின் பக்கம் திருப்பிக் கண்ணயர்ந்தாராம். அணுக்கள் வரிசையாய்ப் பாம்புபோல் நெளிந்தன. ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்விற்று. திடுக்கிட்டு விழித்து, மீதி இரவெல்லாம் அதன் விளைவுகளை யோசித்தாராம்.

இது நடந்ததா என்றே பின்னால் சிலர் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். அந்த வழக்கில் எனக்கு அக்கறையில்லை. நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதே பேச்சில் கெக்குலே, சில கருத்துகள் சில காலங்களில் காற்றிலேயே இருக்கின்றன என்றும் சொல்லியிருக்கிறார். விழித்த புத்தி பரிசோதிக்குமுன் கனவை வெளியிடாதீர்கள் என்று எச்சரித்தும் இருக்கிறார். உலகம் பாம்பை மட்டும் எடுத்துக்கொண்டது.

பாம்பு விழுங்கியது எதை? வளையத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருமானால், அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில் வேறு அணுக்களைப் பொருத்தும்போது இரண்டு வகைப் பொருள்கள் கிடைக்க வேண்டும்: நடுவே ஒற்றைப் பிணைப்பு உள்ளது ஒன்று, இரட்டைப் பிணைப்பு உள்ளது இன்னொன்று. கிடைத்ததோ ஒன்றுதான். கனவு கண்டவருக்கே இது சங்கடம். 1872-ல் பிணைப்புகள் ஓயாமல் இடம் மாறுகின்றன என்று சொல்லிப் பார்த்தார். உண்மையான நாடகம் இங்கேதான் இருக்கிறது. வாலைக் கவ்விய பாம்பில் இதற்கு இடமே இல்லை. கதை மூடிக்கொண்டுவிட்டது. கேட்டவனுக்குக் கெக்குலேயைத் தெரியும், பென்சீனைத் தெரியாது.

ஃபாரடே வசீகரத்துக்கு விரோதி அல்ல. பேச்சுக்கலை ஆசிரியரிடம் காசு கொடுத்துப் பாடம் கேட்டவர். ஆனால் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்கு அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளில் கதாநாயகன் மெழுகுவர்த்திதான். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு நுனியைச் சுடரின் நடுவே இருண்ட பகுதியில் நுழைக்கிறார். மெழுகின் ஆவி குழாய் வழியே வருகிறது. மறுநுனியில் நெருப்பு வைத்தால், திரியே இல்லாத இடத்தில் அதே மெழுகுவர்த்தியின் சுடர். சுடருக்கு மேலே பனிக்கட்டி வைத்த பாத்திரத்தைப் பிடித்தால் அடியில் தண்ணீர்த் துளி. நெருப்பிலிருந்து தண்ணீரா என்று பையன் கேட்டாக வேண்டும். கடைசிச் சொற்பொழிவில் நம் சுவாசமும் இந்த எரிதல் போன்றதுதான் என்று வந்து சேரும்போது அவன் தன் மூச்சையே சந்தேகத்தோடு பார்த்திருப்பான்.

ஆறு நாள் பேசியவரை மூன்று நிமிஷக்காரனோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். குழாயைச் சுடரில் நுழைத்து மறுநுனியைப் பற்றவைக்க மூன்று நிமிஷம்கூட வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு குழாய். கையில் எடுத்துவரக்கூடியவைதான்.