ஏர்ஃபிக்ஸ் லங்காஸ்டர் பி.3 ஸ்பெஷல்: 1/72 அளவு கிட்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இரவுத் தாக்குதல்களுக்கு அனுப்பிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஆவ்ரோ லங்காஸ்டர். 1941 ஜனவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. பிளாஸ்டிக் மாதிரி செய்பவர்களிடம் இதற்கு மவுசு குறைந்ததே இல்லை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1958-இலும் 1980-இலும் 1/72 அளவில் இதை வெளியிட்டது. 2013-இல் அச்சுகளைப் புதிதாகச் செய்து மூன்றாம் முறையாகக் கொண்டுவந்த வரிசையில், ஜெர்மனியின் மோனே, ஏடர் அணைகளை உடைத்த சிறப்பு வகையும் ஒன்று.

நிஜ விமானத்தின் இறக்கை விரிவு 31 மீட்டர், நீளம் 21 மீட்டர். மாதிரியில் அவை 43 செ.மீ., 29 செ.மீ. ஆகின்றன. வைக்க இடம் பார்த்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

இந்தக் கிட்டின் பெரிய பலம் அதன் எலும்புக்கூடு. உடற்பகுதியின் குறுக்கே செல்லும் இரண்டு உத்திரங்கள்மீது இறக்கைகள் ஏறி அமர்கின்றன. பழைய கிட்களில் இறக்கையை ஒட்டிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்து முட்டுக் கொடுத்து வைக்க வேண்டியிருக்கும். இதில் அந்தக் கோணத்தை உத்திரமே தீர்மானித்துவிடுகிறது. ஆனால் உத்திரம் வளையாமல் நேராக அமர்ந்தால்தான் இந்த வசதி கிடைக்கும். உட்பகுதியை ஒட்டும்போது அவசரப்பட்டால் அந்தப் பிழை இறக்கை நுனியில் பல மடங்காகத் தெரியும். பாலிஸ்டைரீன் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பது. ஒரு இரவு காயவிடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

குறை என்றால் தகட்டு இணைப்புக் கோடுகளைச் சொல்லலாம். அவை சற்று ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. மாதிரியில் கால் மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு நிஜத்தில் 18 மி.மீ. இடைவெளிக்குச் சமம், எந்த விமானத்தின் தகடும் அப்படி வாய் பிளந்து நிற்காது. பிரைமரும் பெயின்டும் ஏறிய பிறகு ஓரளவு அடங்கிவிடும் என்பதால், இதைக் காரணம் காட்டி கிட்டை ஒதுக்கத் தேவையில்லை.

உழைப்பை விழுங்குவது கண்ணாடிப் பாகங்கள்தான். விமானி அறையின் கூரை முழுக்கச் சட்டங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் மாஸ்கிங் டேப்பை அளவாக வெட்டி ஒட்டி, முதலில் உட்புற நிறத்தையும் அதன்மேல் வெளிநிறத்தையும் அடிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருந்து பார்த்தாலும் சட்டம் சரியான நிறத்தில் தெரியும். சாதாரண சூப்பர் குளூவை இங்கே நெருங்கவிடக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியைப் புகைபோல் வெளுக்கச் செய்துவிடும்.

இந்த வகைக்கு முதுகில் துப்பாக்கிக் கூண்டு கிடையாது. குண்டு அறையின் கதவுகளும் அகற்றப்பட்டு, பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த 'அப்கீப்' உருளைக் குண்டு வெளியே தெரியும்படி தொங்குகிறது. 4,200 கிலோ எடையுள்ள அந்தக் குண்டு மாதிரியில் இரண்டு செ.மீ. நீளம்தான். நிஜத்தில் அதை நிமிடத்துக்கு 500 முறை பின்னோக்கிச் சுழலவிட்டு, 60 அடி உயரத்திலிருந்து நீர்மேல் போட்டார்கள். இதே அளவில் கணக்கிட்டால் மேசைக்கு மேல் 25 செ.மீ. அந்த உயரத்தில் மாதிரியைப் பிடித்துப் பார்த்தால், இறக்கை விரிவைவிடக் குறைந்த உயரத்தில், இருட்டில், அந்த விமானம் பறந்தது என்பது புரியும். எந்தப் படமும் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்வதில்லை.

மேற்புறம் மண்நிறமும் கரும்பச்சையும், அடிப்புறமும் பக்கவாட்டும் கறுப்பு. சுத்தக் கறுப்பு இந்த அளவில் விவரங்களை எல்லாம் மூடிவிடும். சிறிது சாம்பல் கலப்பது நல்லது. சிவப்பு எழுத்து டெக்கல்களை ஒட்டும் முன் கிளாஸ் வார்னிஷ் அடிப்பது கட்டாயம். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மின்னும், கறுப்பின்மேல் அது அப்பட்டமாகத் தெரியும்.

1943 மே 16-17 இரவு அணைகளைத் தாக்க 617-ஆம் படைப்பிரிவின் 19 விமானங்கள் கிளம்பின. எட்டு திரும்பவில்லை, 133 பேரில் 53 பேர் இறந்தனர். தரையில் வெள்ளம் சுமார் 1,300 பேரைக் கொண்டுபோனது. கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர் அவர்களில் ஏராளம். மாதிரியை நிறுத்தும் பலகையில் தளபதி கய் கிப்சனின் பெயரை எழுதுபவர்கள் இந்த எண்களையும் எழுதுவதுதான் முறை.

முதல் கிட்டாக இதை வாங்க வேண்டாம். ஒற்றை எஞ்சின் விமானங்கள் இரண்டு மூன்றைக் கட்டி, டேப்பும் டெக்கலும் கைக்குப் பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். 1/72 லங்காஸ்டரில் 1980-இன் அச்சு மலிவாகக் கிடைத்தாலும், 2013-இன் அச்சுக்கே காசு கொடுப்பது மேல்.