புளோரைட்டும் எலும்பும்: ஒரு மறுமதிப்பீடு

பல்லைக் காக்கும் புளோரைட்டு எலும்பையும் காக்கும் என்ற வாதம் முழுப்பொய் அன்று. எலும்பின் கனிமப் படிகத்தில் அது கலக்கிறது, எலும்பை ஆக்கும் உயிரணுக்களைத் தூண்டுகிறது, அடர்த்தி கூடுகிறது. அந்த அடர்த்தியையே வலிமை என்று கொண்டதில்தான் வாதம் சறுக்குகிறது. 1990இல் ரிக்ஸ் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதை ஐயமின்றிக் காட்டியது. மாதவிடாய் நின்ற 202 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், நாளுக்கு 75 மில்லிகிராம் சோடியம் புளோரைட்டு பெற்றவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ கூடியது. மருந்தளவு மிகையானது என்ற மறுப்பு நியாயமே. ஆனால் குடிநீரை வைத்து 2001இல் வெளியான சீன ஆய்விலும் லீற்றருக்கு 4.3 மில்லிகிராமைக் கடந்த ஊர்களில் இடுப்பெலும்பு முறிவு மிகுந்தே இருந்தது. முறிவுகள் மொத்தத்தில் மிகக் குறைந்திருந்தது 1 மில்லிகிராம் அளவில். இந்தச் சீன ஆய்வு தொடர்பைச் சொல்கிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை.

இலங்கையின் மொனராகலையில் குடிநீரின் இந்த அளவு வேறுபாடு கிணற்றடி விவகாரம். வரள்வலயப் பாறைகளில் ஊறும் நீரில் புளோரைட்டு பல இடங்களில் மிகை. பிள்ளைகளின் பற்களில் தோன்றும் பழுப்புக்கறை அதற்குச் சாட்சி. உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லை, வெயிலில் அதிகம் நீர் குடிக்கும் உடலுக்குப் பொருந்தாது. வர்ணகுலசூரிய குழுவினர் 1992இல் இலங்கைக்கு 0.8ஐப் பரிந்துரைத்தனர். 2013இன் இலங்கை நியமம் 1.0இல் நின்றது, இது துணிவான, சரியான திருத்தம்.

எனினும் நியமம் நீரை மட்டுமே அளக்கிறது. தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்க்கும். மலைநாட்டுப் பதுளையின் தேயிலைத் தோட்டங்களில் ஊற்றுநீரில் புளோரைட்டு குறைவு. அங்கே சாயத்தண்ணியே (பால் சேர்க்காத தேநீர்) புளோரைட்டின் முதன்மை வரவு. மொனராகலையில் கிணற்று நீரிலேயே சாயத்தண்ணி போடுகிறார்கள், இரண்டும் சேர்கின்றன. கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு போகாது. முள்ளோடு உண்ணும் நெத்தலி மீனும் இக்கணக்கில் சேரவேண்டியது.

ஊட்டச்சத்து நூல்கள் தரும் 4 மில்லிகிராம் (ஆண்), 3 மில்லிகிராம் (பெண்) என்ற அளவுகள் பற்சொத்தைத் தடுப்பிலிருந்து பெறப்பட்டவை. எலும்புக்கு அவற்றைச் சான்றாக்குவது முறைப்பிழை. எலும்புச் சத்து என்ற தகுதியைப் புளோரைட்டு இன்னும் ஈட்டவில்லை. 1.0 என்ற எல்லையை ஏற்கலாம், தேநீரையும் மீனையும் சேர்த்து மொத்த உட்கொள்ளலை அளக்கும்வரை, ஓர் இடைக்கால எல்லையாக.